நட்சத்திரக் குறி எங்கே?

வீட்டில் ஓர் அறை இதமாக இருக்கிறது. மற்றோர் அறையில் யாரும் உட்காருவதில்லை. காரணம் என்ன? கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் அலெக்சாண்டர் தம் குழுவினருடன் 1977இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லாங்குவேஜ்’ என்னும் நூல் விடை கூறுகிறது: அறைக்கு இரு பக்கங்களிலிருந்து வெளிச்சம் வரவேண்டும். அடிக்கடி எதிர்ப்படும் சிக்கலையும் அதன் தீர்வையும் இவ்வாறு இணைத்துக் கூறும் 253 மாதிரிகள் அந்நூலில் உள்ளன.

இக்கருத்து மென்பொருள் துறைக்கும் பரவியது. எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994இல் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ 23 மாதிரிகளைத் தந்தது. ஒவ்வொன்றின் விளைவுகளையும் தனித் தலைப்பில் ஆராய்ந்தது அதன் சிறப்பு. ஆனால் அவை பெரும்பாலும் நிரல் எழுதுவோருக்கு நேரும் விளைவுகளே.

விற்போரும் வாங்குவோரும் கூடும் டிஜிட்டல் தளங்களும் இன்று மாதிரிகளைக் கொண்டே கட்டப்படுகின்றன. 2008இல் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தது. செயலிகளை எழுதுவோர் பலர், வாயில் ஒன்று, விற்பனையில் 30 சதவீதம் கடைக்கு. அதே ஆண்டு வந்த கூகுளின் ஆண்ட்ராய்டு சந்தையிலும் எழுதியவருக்குக் கிடைத்தது 70 சதவீதமே. 30 என்பது ஒளியின் வேகத்தைப் போல இயற்கை மாறிலியா? இல்லையே! மாதிரியைப் பின்பற்றும்போது அதன் சுமையும் உடன் வந்துவிடுகிறது.

வேறு மாதிரியும் உண்டு. இந்தியாவில் 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், ஒரு செயலியிலிருந்து வேறொரு செயலி வைத்திருப்பவருக்கும் பணம் அனுப்பலாம். ஆயினும் பரிமாற்றங்களில் பெரும்பகுதி இரண்டே செயலிகள் வழியாக நடக்கிறது. வாயில்கள் பல இருந்தும் கூட்டம் ஒருபுறமே சாய்கிறது!

அலெக்சாண்டரின் நூலில் ஓர் அரிய வழக்கம் உண்டு. உறுதியாக நம்பிய மாதிரிக்கு இரண்டு நட்சத்திரங்கள், ஓரளவு நம்பியதற்கு ஒன்று, ஐயமுள்ளதற்கு எதுவுமில்லை. ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுடன் பிழை வரம்பையும் எழுதுகிறோமே, அதைப் போன்ற நேர்மை இது. மென்பொருளாளர்கள் மாதிரிகளை எடுத்துக்கொண்டார்கள், நட்சத்திரங்களை விட்டுவிட்டார்கள். 1996இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் மென்பொருளாளர் மாநாட்டில் பேசிய அலெக்சாண்டர், இம்மாதிரிகள் மனித வாழ்வை மேம்படுத்துகின்றனவா என்ற வினாவையே அவர்கள்முன் வைத்தார்.

அறையின் வெளிச்சம் போதுமா என்பதை அதில் வசிப்பவரே சொல்லிவிடலாம். தளத்தில் பிழைப்பு நடத்துபவரை யார் கேட்கிறார்கள்? ‘பலமுறை சோதித்த மாதிரி’ என்று எவரேனும் உங்களிடம் கூறினால், எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். இட்டவர் யார் என்றும் கேளுங்கள்.