உதாசீனமும் பற்றின்மையும்

சொற்கள் காலப்போக்கிற் பொருள் திரிதல் இயல்பே. ஆயின், அத்திரிபு ஒரு குற்றத்திற்குக் குணத்தின் போர்வையை அளிக்குமாயின், அதனை ஆராய்தல் கற்றோர் கடனாகும். 'உதாசீனம்' அத்தகையதொரு சொல்.

'முதியோரை உதாசீனஞ் செய்தனர்' என்றாற்போல, மதியாது விடுதல் என்னும் பொருளிலேயே இச்சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது. வடமொழியில் இதன் முதற்பொருள் ஒதுங்கியிருத்தல் என்பதாம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், பகைகொண்ட அரசரிடையே எப்பக்கமுஞ் சாராத வலிய வேந்தனை உதாசீனன் என்னும். இந்நிலையைத் தமிழில் உணர்த்துஞ் சொல் நொதுமல். பரிமேலழகர் நடுவுநிலைமையை விளக்குமிடத்து, பகைவர்க்கும் நண்பர்க்கும் வேறாக நொதுமலரையும் ஒரு பகுதியினராக வைத்தார். நொதுமலர் அயலாரேயன்றி இகழ்வார் அல்லர்.

இனி, இச்சொல் உயர்ந்த குணமொன்றையுங் குறித்தல் காண்க. பகவத்கீதையின் 12ஆம் அத்தியாயம், 16ஆம் சுலோகத்தில், உதாசீனனாயிருத்தலை அடியவன் இலக்கணங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆயின், அதே சுலோகம் அவனைச் செயலில் வல்லவன் எனவுங் கூறும். 13ஆம் சுலோகமோ எல்லா உயிரிடத்தும் நட்புங் கருணையும் உடையவன் என்னும். எனவே, செயலற்றிருத்தலும் இரக்கமற்றிருத்தலும் ஆண்டுக் கருதப்பட்டில.

நம் சைவ மரபும் இதனையே வலியுறுத்துகின்றது. அடியார் ஓட்டையும் பொன்னையும் வேறுபாடின்றி நோக்குவர் என்பது சேக்கிழார் கருத்து. அவரே திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்ற வரலாற்றையும் பாடினார். நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறுங் காசு பெற்று அடியாரை உண்பித்தனர். சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்டமையால், அவர் மடத்தில் அமுது காலந்தாழ்த்தது. அதனை அறிந்த பிள்ளையார், வாசி நீங்கிய காசு வேண்டிப் பதிகம் பாடினார். பொன்னையும் ஓடாகக் காணும் ஒருவர் ஒரு காசின் குறையைப் பொருட்படுத்தியது எதனால்? பசித்தோர் காத்திருந்தமையால் என்க.

பற்றற்றோன் தன்பயனைக் கருதான். பிறர் துயரைக் கருதாமல் விடான். தன்பயனையே கருதிப் பிறர் துயரைக் காணாதிருப்போன், 'ஊர்வம்பு நமக்கேன்' என்று கூறித் துறவியெனத் தன்னை மதித்துக்கொள்வானாயின், அது சொல்லின் மயக்கத்தால் விளைந்த கேடேயாம்.

ஆதலின், எப்பக்கமுஞ் சாராமையை நொதுமல் என்றும், தன்னலம் நீங்கிய நிலையைப் பற்றின்மை என்றும், கடமையிற் கருத்தின்மையை அலட்சியம் அல்லது புறக்கணிப்பு என்றும் பிரித்து வழங்குதல் நன்று. மாணவர் இவ்வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே காணலாம். பரிசு கிடைப்பினுங் கிடையாதொழியினும் ஒருதன்மையனாய்க் கற்பவன் பற்றற்றவன்; கற்றாலென்ன, கல்லாவிடினென்ன என்றிருப்பவன் அலட்சியன். தேர்வு மண்டபத்து வாயிலில் இருவர் முகத்திலுங் கலக்கமின்மை ஒன்றுபோலத் தோன்றலாம். வினாத்தாளைக் கையில் வாங்கியபின் அவ்வொற்றுமை நில்லாது.