இருமுறை மடிந்த பை

தலைமுடி ஒன்றை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். அதன் குறுக்கே பல நூறு பைகளைத் தோளோடு தோள் உரச நிறுத்திவிடலாம். அவ்வளவு சிறியது நான் சொல்லவந்த அழகு. எக்ஸோசோம் என்று பெயர். நம் செல்கள் ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் நுண்பை. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். உலரவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் குழிந்த சின்னக் கிண்ணம்போல் தெரியும். அந்தக் குழிவு உலர்ந்ததால் வந்த வாட்டம். ஈரம் குலையாமல் நொடியில் உறையவைத்துப் பார்த்தால் முத்துப்போல் திரண்ட உருண்டை.

1983இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர் ஆட்டின் இளஞ்சிவப்பணுக்கள் முதிர்வதைக் கவனித்தபோது இந்தப் பைகள் கண்ணில் பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலும் இன்னொரு குழு, எலியின் அணுக்களில் இதையே கண்டது. தேவையற்றதைச் செல் வெளியே கொட்டும் வழி என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பைக்குள் மரபுச்செய்தி ஏந்திய ஆர்.என்.ஏ இழைகள் இருப்பதை 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, குப்பை எனப்பட்டது கடிதமாயிற்று.

இந்தப் பை உருவாகும் விதத்தில்தான் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்கிறது. செல்லின் மேல்தோல் உள்நோக்கி மடிந்து ஓர் அறையாகிறது. அந்த அறையின் சுவரும் மறுபடி உள்நோக்கி மடிந்து, துளித்துளியாகப் பிரிந்து, அறைக்குள்ளேயே சின்னஞ்சிறு பைகளாக நிறைகிறது. பிறகு அறை செல்லின் விளிம்புக்கு வந்து வாய்திறக்க, பைகள் வெளியே மிதக்கின்றன. சட்டைக் கையை ஒருமுறை திருப்பினால் தையல் வெளியே தெரியும். இன்னொரு முறை திருப்பினால் சீராகிவிடும் இல்லையா? அதேதான் இங்கே. இரண்டு மடிப்புக்குப் பிறகு, தாய்ச்செல்லின் வெளிமுகம் பையின் வெளிமுகமாகவே இருக்கிறது. தாய் அணிந்திருந்த புரத அடையாளங்கள் சில, நிமிர்ந்த நிலையிலேயே பையின்மேலும் மின்னுகின்றன. எவ்வளவு நேர்த்தியான தையல்!

அந்த அடையாளங்களில் ஒன்று சிடி47. ரத்தத்தில் அந்நியமானதை விழுங்கித் தீர்க்கும் வெள்ளணுக்களிடம் ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் புரதம் அது. மருந்தேற்றச் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளை நாம் பல காலமாகச் செய்துவருகிறோம். இந்த மெல்லிய வேண்டுகோள் அவற்றின் மேனியில் இல்லை. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி குழுவினர் 2017இல் வெளியிட்ட எலி ஆய்வில், சிடி47 தாங்கிய பைகளே ரத்தத்தில் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தன.

அவர்கள் பைக்குள் வைத்த பொருளையும் பாருங்கள். கணையப் புற்றுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது கேராஸ் என்ற மரபணு. செல் எப்போது பெருக வேண்டும் என்று சொல்லும் விசை அது. அதன் 12ஆம் சொல்லில் ஒரே ஓர் எழுத்து பிறழ்ந்து, ‘ஜி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏ’ வந்துவிட்டால் விசை அணையவே மறுக்கிறது. அந்த ஓரெழுத்துப் பிழையுள்ள செய்தியை மட்டும் தேடிப் பிடித்து வெட்டச்செய்யும்படி, ஏறத்தாழ 21 எழுத்து நீளத்தில் ஒரு குட்டி ஆர்.என்.ஏவை அமைத்தார்கள். பிழையில்லாத கேராஸ் அதன் கைக்கு அகப்படாது. ஒற்று மிகுந்த இடத்தில் மட்டும் பேனாவை வைக்கும் தேர்ந்த பிழைதிருத்துநரின் விரலை நினைத்துக்கொண்டேன். அதைப் பைக்குள் ஏற்ற ஒரு மின்துடிப்பு போதும்: படலம் கணநேரம் இமைதிறந்து, இழையை வாங்கிக்கொண்டு, மூடிக்கொள்கிறது. எலிகளின் கட்டி அடங்கியது, ஆயுள் நீண்டது. எலும்பு மஜ்ஜையின் மீசன்கைமல் குருத்தணுக்களை வளர்த்து, அவை உதிர்க்கும் பைகளைத் திரட்டி, பரவிவிட்ட கணையப் புற்று உள்ளவர்களுக்கு நரம்பு வழியே செலுத்தும் முதற்கட்டச் சோதனையும் அதே மையத்தில் தொடங்கியது. பாதுகாப்பானதா, எவ்வளவு தரலாம் என்று பார்க்கும் பொறுமையான கட்டம் அது.

மிச்சம் வைத்திருப்பது எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம். பிறழ்ந்த கேராஸ் உள்ள செல்லுக்குத் தீராப் பசி. தன் மேல்தோலைப் பாவாடைக் கொசுவம்போல் அலையலையாக எழுப்பி, சுற்றியுள்ள திரவத்தை வாய்வாயாக அள்ளிக் குடிக்கும். நுண்பை அந்த வாசலைத் தட்டவேண்டிய தேவையே பல நேரம் இல்லை. அருகில் மிதந்தால் போதும். கொசுவம் எழுகிறது, வளைகிறது, ஒரு மடக்குத் திரவத்தை மூடிக்கொள்கிறது. அந்த மடக்கில் நம் முத்தும் இருக்கிறது.