ஃபைபர் ஒட்டுவேலையின் நயம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பென்னலூரைக் கடக்கும் லாரிகள் சிலவற்றின் முன்கண்ணாடிக்கு மேல் வெயில் மறைப்பாக நீண்டிருக்கும் ஃபைபர் தகடும், மேலைநாட்டுப் பழைய இழுவை வீட்டுவண்டிகளின் முன்சன்னலைத் தெறிக்கும் சரளைக்கல்லிலிருந்து காக்கும் ஃபைபர் மூடியும், கண்ணாடி இழைப் பாயில் பிசின் போன்ற ரெசினை ஊறவைத்து இறுக்கிய ஒரே இனப் பொருள்களாகும். இத்தகைய ஃபைபர் பொருள் விரிசல் கண்டால் மேலே பூசி மறைப்பது வேலையாகாது. தேர்ந்த கைவினைஞர் விரிசலின் முனையில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பின்புறத்தைச் சரிவாகத் தேய்த்து, இழைப்பாய்த் துண்டுகளை அடுக்கி, இறுக வைக்கும் திரவமாகிய ஹார்டனரை அளவறிந்து கலந்த ரெசினைத் தடவி, தூரிகை நுனியால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார். வெள்ளைப் பாய் ரெசினைக் குடித்துக் கண்ணெதிரே தெளிந்து மறையும் அந்தக் கணமே இத்தொழிலின் பேரழகு. கோடை வெயிலில் கலவை விரைவில் இறுகிவிடுமாதலால், அதைச் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும்.