நரகம் என்று சொல்ல மறுத்த பையன்

இம்ரே கெர்தேஸின் 'விதியின்மை' நாவலை நாம் ஒரு முன்முடிவோடுதான் கையில் எடுக்கிறோம். யூதப் பையன், வயசு பதினாலு, ஆஷ்விட்ஸ், பூகன்வால்ட். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்வோம். அழுவதற்குத் தயாராக உட்கார்ந்துவிடுவோம். ஆனால் அந்தப் பையன் நம்மை அழ விடுவதில்லை. அவன் கதை சொல்கிற முறையே நம் இரக்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது. சாட்சியம் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அந்த இடைஞ்சலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கெர்தேஸ் 1929இல் புதாபெஸ்டில் பிறந்தவர். 1944இல், பதினான்கு வயதில், ஆஷ்விட்சுக்கும் அங்கிருந்து பூகன்வால்டுக்கும் கொண்டுபோகப்பட்டவர். பல வருஷம் எழுதி முடித்த இந்த நாவலை 1973இல் ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொரு பதிப்பகம் 1975இல் வெளியிட்டது. ஹங்கேரியில் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1996இல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குப் பிறகுதான் பரவலான கவனம் கிடைத்தது. 2002இல் நோபல் பரிசு. 2016இல் இறந்தார். நான் படித்தது டிம் வில்கின்சனின் 2004ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பை.

கதை ஒரு சாதாரண நாளில் தொடங்குகிறது. ஜியோர்ஜி கோவெஷ் என்கிற பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவைக் கட்டாய உழைப்புப் படைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு மரக்கடை இருக்கிறது. யூதர் பெயரில் கடை இருக்க முடியாத நிலை என்பதால் கடையையும் வீட்டு நகைகளையும் யூதரல்லாத தன் கணக்காளர் ஷூதேயிடம் ஒப்படைக்கிறார். வழியனுப்ப உறவுக்காரர்கள் வருகிறார்கள். லாயோஷ் மாமா பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் நீயும் யூதர்களுடைய பொதுவான விதியில் பங்காளி என்கிறார். முன்னோர் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை, பொறுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார். பையன் தலையாட்டுகிறான். அவனுக்கு அது ஒன்றும் புரியவில்லை.

நமக்கு நன்றாகவே புரிகிறது. போன பிறவியில் செய்த பாவம், தலையெழுத்து, விதிச்சது அவ்வளவுதான் என்று காலகாலமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்த காதுகள் நம்முடையவை. தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலைவிதி. இன்னொன்று சட்டவிதி, யாரோ உட்கார்ந்து எழுதியது. இரண்டாவதை முதலாவது போலக் காட்டுவதில்தான் அதிகாரத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மனு எழுதியதும் விதிதான், கர்மா என்று நம் தலையில் கட்டியதும் விதிதான். 1927 டிசம்பர் 25இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தியபோது அந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். கொளுத்த முடிந்தது என்றால் அது மனுசன் எழுதின காகிதம்தானே.

ஹங்கேரியிலும் காகிதங்கள் இருந்தன. 1920இலேயே பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 1938ஆம் வருஷச் சட்டம் தொழில்களிலும் உத்தியோகங்களிலும் அவர்களுடைய பங்கைக் குறைத்தது. 1939ஆம் வருஷச் சட்டம் அதை இன்னும் இறுக்கி, யார் யூதர் என்பதைப் பிறப்பை வைத்து வரையறுத்தது. 1941இல் யூதரும் யூதரல்லாதவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை. 1944 மார்ச் 19இல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. ஏப்ரல் 5 முதல் மஞ்சள் நட்சத்திரம். மே 15இலிருந்து ஜூலை 9க்குள் சுமார் 4,37,000 பேரை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மிகப் பெரும்பாலோர் போனது ஆஷ்விட்சுக்கு. ஐக்மனோடு வந்த ஜெர்மானியர்கள் சில நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆட்களைத் திரட்டியது, எண்ணியது, வண்டியில் அடைத்தது எல்லாம் ஹங்கேரி நாட்டு ஜெண்டார்ம் போலீசும் உள்ளூர் அதிகாரிகளும்தான். இதில் எங்கே இருக்கிறது தலைவிதி?

நாவலில் இந்தப் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. பையனுக்குத் தெரிந்தது மட்டும்தான் இருக்கிறது. மாடி வீட்டில் இருக்கும் ஒரு பெண், அவன் வயசுதான் இருக்கும், ஜனங்கள் தன்னை ஏன் வெறுக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து, தனக்குள்ளேயே ஏதோ ஒரு வித்தியாசம் இருப்பதாக முடிவுக்கு வந்திருக்கிறாள். அவமானமும் பெருமையுமாக அதைச் சுமக்கிறாள். பையன் மறுக்கிறான். பிறந்தவுடனே ஆஸ்பத்திரியில் நீ வேறொரு குழந்தையோடு மாறிப்போயிருந்தால் உனக்குள்ளே என்ன வித்தியாசம் இருந்திருக்கும், வித்தியாசம் இந்த நட்சத்திரத் துணியில்தானே இருக்கிறது என்கிற மாதிரிப் பேசுகிறான். அவள் அழுதுவிடுகிறாள். காரணமே இல்லாமல்தான் வெறுக்கிறார்கள் என்றால் அதைத் தாங்க முடியாது என்பது அவள் அழுகை. இழிவைச் சுமத்துகிறவன் கொடுக்கிற காரணத்தை நாமே உள்ளுக்குள் ஏற்றிவைத்துக்கொள்வது ஏன் என்பதற்கு, நான் படித்தவற்றில் இதைவிடச் சின்னதான, கூர்மையான காட்சி இன்னொன்று இல்லை.

பிறகு அந்தப் பஸ். நகர எல்லைக்கு வெளியே உள்ள எண்ணெய் ஆலையில் வேலை செய்வதற்காகப் பையனிடம் முறையான அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி யூதர்களை இறங்கச் சொல்கிறார். நல்ல மனுசர், சிரித்துப் பேசுகிறார். ஏதோ காகிதம் சரிபார்க்கத்தான் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காத்திருக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வரிசையாக நடக்கிறார்கள். நடுவில் ஒரு டிராம் குறுக்கே வந்து வரிசை அறுபடும்போது சிலர் நழுவிவிடுகிறார்கள். இவனும் போயிருக்கலாம், நேரம் இருந்தது. போகவில்லை. ஒழுங்கான பையன் ஓடக் கூடாது என்பது அவன் மானம். அடுத்து செங்கல் சூளை, அடுத்து ஜெர்மனியில் வேலைக்குப் பெயர் கொடுப்பது, அடுத்து ரயில் பெட்டி. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியைவிடக் கொஞ்சம்தான் மோசம். ஒவ்வொரு படியிலும் அவன் 'இயல்பாகவே' என்ற சொல்லைப் போட்டுக்கொள்கிறான். படிக்கிற நமக்கு முதலில் எரிச்சல் வருகிறது. அப்புறம் பயம் வருகிறது. கொடுமை இயல்பாகிப்போவதை அந்த ஒரு சொல் நம் கண்முன் நடத்திக் காட்டுகிறது.

ஆஷ்விட்ஸில் இறங்கியதும் பதினாறு என்று சொல்லச் சொல்லி ஒரு கைதி காதில் போடுகிறான். பையன் பதினாறு என்கிறான். தேர்வு செய்கிற மருத்துவரைப் பார்த்தால் இவனுக்கு நம்பிக்கை வருகிறது. வேலைக்குத் தகுதியானவர்கள் பக்கம் ஒதுக்கப்பட்டு நிற்கும்போது, அடுத்து வருகிறவர்களை இவனும் அந்த மருத்துவர் கண்ணாலேயே பார்க்கத் தொடங்குகிறான்: இவர் தேறுவார், அவர் வயசாளி, தேறமாட்டார். எதிர்ப்பக்கம் போனவர்களுக்கு என்ன ஆச்சு என்பது அன்றைக்கே புகைக்கூண்டைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அதிகாரம் தன் கண்ணை எடுத்து நம் முகத்தில் பொருத்திவிடுகிறது என்று கோட்பாட்டு மொழியில் நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதை இந்தப் பையன் தன்னை நியாயப்படுத்தாமல், தன்னைத் திட்டிக்கொள்ளவும் செய்யாமல் சொல்லிவிட்டுப் போகிறான்.

அங்கிருந்து பூகன்வால்ட், பிறகு ஸெய்ட்ஸ் முகாம். ஸெய்ட்ஸில் இத்திஷ் பேசும் பக்தியுள்ள யூதர்கள் சிலர் இருக்கிறார்கள். இவனுக்கு இத்திஷ் தெரியாது என்றவுடனே இவன் யூதனே இல்லை என்று ஒதுக்குகிறார்கள். ஊரில் யூதன் என்று ஒதுக்கினார்கள், இங்கே யூதன் இல்லை என்று ஒதுக்குகிறார்கள். ஒரே முள்வேலிக்குள்ளும் படிநிலை உண்டு என்பதை கெர்தேஸ் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்களைப் புனிதர்களாக்கிக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் அதே முகாமில்தான் பண்டி சிட்ரோம் இருக்கிறான். எவ்வளவு குளிரானாலும் உடம்பைக் கழுவு, ரொட்டியை ஒரேயடியாகத் தின்று தீர்த்துவிடாதே என்று சொல்லிக்கொடுக்கிறவன். பையனின் உடம்பு மெதுவாகக் கைவிடும்போதும், முழங்காலில் புண் புழுத்து நாறும்போதும், அவனை மனுசனாக வைத்திருந்தது அந்தத் தோழமைதான்.

இந்த இடத்தில் எலி வீசலின் 'இரவு' நூலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிகெட் ஊரிலிருந்து 1944 மே மாதம் கொண்டுபோகப்பட்ட பதினைந்து வயதுப் பையனின் சாட்சியம் அது. 1956இல் இத்திஷ் மொழியிலும் 1958இல் சுருங்கிய வடிவில் பிரெஞ்சிலும் வந்தது. பிரெஞ்சுப் பதிப்புக்குக் கத்தோலிக்க எழுத்தாளர் பிரான்சுவா மோரியாக் முன்னுரை எழுதினார். அவர் அந்த யூதப் பையனை ஏசுவின் சிலுவை வழியாகப் பார்த்தார். வீசலின் நூல் பெரிய நூல், அதில் சந்தேகமில்லை. கடவுளோடு அவர் போடுகிற சண்டை உண்மையானது. ஆனால் 'இரவு' என்ற உருவகம் வாசகருக்கு ஒரு தப்பிக்கும் வழியையும் கொடுத்துவிடுகிறது. இருட்டு தானாக வருவது, அதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கெர்தேஸின் நாவலில் எல்லாம் பகல் வெளிச்சத்தில், மணிக்கணக்கில், வரிசையில் நின்று நடக்கிறது.

அதனால்தான் பையன் நரகம் என்ற சொல்லை மறுக்கிறான். விடுதலையாகிப் புதாபெஸ்ட் திரும்பும்போது டிராமில் டிக்கெட் கேட்கிறார்கள். ஒரு பத்திரிகையாளர் காசு கொடுத்து உதவுகிறார், பிறகு முகாம் என்கிற நரகத்தைப் பற்றிக் கேட்கிறார். நரகம் எனக்குத் தெரியாது, முகாம்தான் தெரியும் என்கிறான் இவன். தொடர் கட்டுரை எழுதலாம், உலகத்தின் மனசாட்சியைத் தட்டி எழுப்பலாம் என்று அவர் முகவரிச் சீட்டு கொடுத்துவிட்டுப் போகிறார். பையன் அதைத் தூக்கிப்போட்டுவிடுகிறான். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பதிலை முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர்.

நம் சாட்சியங்களைக் கேட்க வருகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான். 'உங்க வலியைச் சொல்லுங்க' என்கிறாங்க. சாதி என்ன செய்தது என்று கேட்பார்கள், யார் செய்தார்கள், எந்த ஆபீசில் வைத்துச் செய்தார்கள் என்று கேட்கமாட்டார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலில் பிள்ளைகளின் விளையாட்டும் கேலியும் சிரிப்பும் எவ்வளவு இருக்கிறது! வலியின் ஆவணம் என்று மட்டும் முத்திரை குத்துகிறவர்கள் அந்தப் பக்கங்களை எங்கே வைத்துப் படித்தார்களோ தெரியாது. யூதர் துயரமும் நம் துயரமும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டின் வரலாறும் வேறு. ஆனால் சேரியைச் சொல்ல அம்பேத்கரே 'கெட்டோ' என்ற சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். 1989இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவருடைய எழுத்துகளின் 5ஆம் தொகுதியில் அதைப் பார்க்கலாம். ஒப்பிடுவதற்கான உரிமை நமக்கு உண்டு, அளந்து ஒப்பிட வேண்டிய பொறுப்பும் உண்டு.

நாவலின் கடைசிச் சண்டைதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. அப்பா மவுத்தவுசன் முகாமில் செத்துப்போனார், சின்னம்மா ஷூதேயைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பக்கத்து வீட்டுக் கிழவர்கள் சொல்கிறார்கள். எல்லாம் 'வந்துவிட்டது' என்று அவர்கள் பேசப்பேச, பையன் கோபப்படுகிறான். எதுவும் சும்மா வரவில்லை, நாமும் ஒவ்வொரு அடியாக நடந்து போனோம் என்கிறான். விதி இருந்தால் விடுதலை இல்லை, விடுதலை இருந்தால் விதி இல்லை என்பது அவன் வாதம். அப்படியானால் நாங்களா குற்றவாளிகள் என்று கிழவர்கள் கத்துகிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் தலையிலேயே பழியைப் போடுவதற்கு இந்த வாதத்தை யாராவது தூக்கிக்கொண்டு வரலாம். 'நீங்க ஏன் அப்பவே எதிர்க்கலை' என்று நம்மைப் பார்த்துக் கேட்காதவர்களா?

பையனின் வாதம் பழி போடுவதற்கானது இல்லை என்றே நான் வாசிக்கிறேன். பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அவன் வெறும் பிணக்குவியல் இல்லை என்று அவன் உரிமை கோருகிறான். ஆனால் எல்லா அடியும் ஒரே எடை கிடையாது. பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரரின் அடியும் பஸ்ஸிலிருந்து இறங்கிய பையனின் அடியும் ஒன்றாகிவிடுமா? கெர்தேஸ் இதை எடைபோடாமல் விட்டுவிட்டார். இந்த வாதத்தைப் பையன் இரண்டு கிழட்டு யூதர்களிடம் வைக்கிறான். ஷூதே கடைசிப் பக்கங்களில் மேடைக்கே வருவதில்லை. அவர் நல்லவராகத்தான் நடந்துகொண்டார் என்று நாவல் சொல்கிறது, இருக்கட்டும். ஆனால் கடை அவர் கைக்குப் போனதும் ஒரு விதியால்தான், அச்சடித்த விதியால். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இது நாவலின் குறை என்றே நினைக்கிறேன்.

கடைசியில் பையன் தன் தாயின் வீட்டை நோக்கி நடக்கிறான். முகாமில் சாயங்கால நேரத்தில் தனக்குக் கிடைத்த ஒருவிதச் சந்தோஷத்தை நினைத்துக்கொள்கிறான். அடுத்த தடவை யாராவது கேட்டால் அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிறான். பலருக்கு இது அதிர்ச்சி. எனக்கு இது மானம். என் வாழ்நாளில் எந்த ஒரு மணி நேரத்தையும் உன் இரக்கத்துக்காக அழித்துக்கொள்ளமாட்டேன் என்கிற மானம்.

2002 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் கெர்தேஸ் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசினார். பூகன்வால்ட் முகாமின் 1945 பிப்ரவரி 18ஆம் தேதிக் கணக்கு அது. 64921 எண்ணுள்ள யூதக் கைதி இம்ரே கெர்தேஸ், ஆலைத் தொழிலாளி, இறந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. பிறந்த வருஷம் 1927 என்று இருந்தது. பிழைப்பதற்காக அவர் கூட்டிச் சொன்ன வயசு அது, தொழிலும் அப்படித்தான். அந்தக் காகிதத்தை ஏதோ ஒரு விதி எழுதவில்லை. ஓர் ஆபீசில், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு குமாஸ்தா எழுதினான். நம் சாட்சியங்களிலும் அந்த மேசையும் அந்தக் குமாஸ்தாவும் வர வேண்டும். கண்ணீரோடு கேட்க வருகிறவர்களிடம் முதலில் அந்த மேசையைக் காட்டுவோம்.