அறிவித்தலும் அழைக்கப்படாதாரும்
வன்னியிற் பல்கலைக்கழக நிகழ்ச்சி அறிவித்தல்கள் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத் திறனாய்வு என்பது செய்யுள், புனைகதை, நாடகம் என்பவற்றோடு அமைந்துவிடுவது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக நிலவுகின்றது. பல்கலைக்கழக விளம்பரப் பலகையில் ஒட்டப்படும் கருத்தரங்க அறிவித்தலையோ, பட்டமளிப்பு விழா அழைப்பிதழையோ திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்வார் மிகச் சிலரே. ஆயின் மொழியானது சமுதாய உறவுகளின் உறைவிடம் என்ற அடிப்படையை ஏற்றுக்கொள்வோர், நாளாந்த வாழ்வின் எளிய மொழி வடிவங்களைப் புறக்கணித்தல் இயலாது. குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களமாக அமைகின்றது என்று 1929 இல் வெளிவந்த தமது நூலில் வலியுறுத்திய வொலோஷினோவ், அன்றாடப் பேச்சு வகைகளும் ஆய்வுக்குரியன என்பதனை விதந்து கூறினார். அவ்வகையில், அறிவித்தல் என்ற வடிவம் தனிக் கவனத்திற்குரியது. ஒரு நிறுவனம் எவரைத் தன் மக்களாகக் கருதுகின்றது என்பதனை அதன் கொள்கைப் பிரகடனங்களைக் காட்டிலும் அதன் அறிவித்தல்களே தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளிமரபினைத் தனி இயலாக வகுத்துள்ளது. அழைத்தலின் இலக்கணத்தை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த மொழியில், அழைத்தலின் சமூகவியல் ஆராயப்படாதிருத்தல் பொருந்துவதன்று. எவர் அழைக்கின்றார், எவர் அழைக்கப்படுகின்றார், எவர் அழைக்கப்படாது விடப்படுகின்றார் என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து, வன்னிப் பெருநிலத்திலுள்ள நெடுங்கேணியை நோக்குநிலையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகின்றது.

2

நெடுங்கேணியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வவுனியா வடக்குப் பிரதேசத்தின் நிருவாக மையமாகிய இவ்வூர், ஏ9 வீதியிற் புளியங்குளத்திலிருந்து பிரிந்து ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது. குளங்களை நம்பிய நெற்செய்கையே இதன் பொருளாதார அடித்தளம்; ஊர்ப்பெயரிலேயே கேணி இடம்பெற்றுள்ளது.

இம்மாவட்டத்திலேயே ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. 1991 இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம், 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகின்றது. அதன் வளாகம் வவுனியா நகருக்கு மேற்கே, மன்னார் வீதியிற் பம்பைமடுவில் உள்ளது. நெடுங்கேணியிலிருந்து அங்கு செல்லும் ஒருவர் புளியங்குளம் வந்து, தெற்கே நகரை அடைந்து, மீண்டும் மேற்கு நோக்கிப் பயணப்படவேண்டும். பல்கலைக்கழகம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மாவட்டத்தின் வடகோடியிலுள்ள உழவனுக்கோ அங்கு செல்வது ஒரு நாட் கூலியை இழக்கும் காரியமாகும்.

இவ்வூருக்குத் தவறாது வந்துசேரும் பல்கலைக்கழக அறிவித்தல் ஒன்றே ஒன்றுதான். அது வெட்டுப்புள்ளி அறிவித்தல். 1970களின் தரப்படுத்தலிலும் மாவட்ட ஒதுக்கீட்டிலும் தொடங்கிய அனுமதி முறையின் இன்றைய வடிவத்தில், கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வாய்ப்பிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வவுனியாவும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். ஆகவே இப்பிரதேசத்துக் குடும்பமொன்று பல்கலைக்கழகத்தின் குரலை முதன்முதற் கேட்பது, தன் பிள்ளை உள்ளேயா வெளியேயா என்று தீர்க்கும் ஓர் எண்ணின் வடிவிலாகும். உள்ளே சென்ற பிள்ளைக்கு அதன்பின் நூறு அறிவித்தல்கள் வரும். வெளியே நின்றுவிட்ட பிள்ளைக்கும், இருவரையும் வளர்த்த ஊருக்கும் அதன்பின் எதுவும் வருவதில்லை.

3

தமிழிலக்கியத்தில் நிகழ்ச்சி அறிவித்தலின் முதன்மையான சான்று மணிமேகலையின் முதற் காதையாகும். அதன் பெயரே விழாவறை காதை. இந்திரவிழா நடைபெறவிருப்பதனை முரசறைவோன் புகார் நகரத்தார்க்கு அறிவிக்கின்றான். யானையின் பிடரியில் முரசம் ஏற்றப்படுகின்றது; நகரும் அரசும் வாழ்த்தப்படுகின்றன; வீதிகளிற் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புமாறும், வாழையும் கரும்பும் நடுமாறும் கூறப்படுகின்றது. சமய வாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடுமாறு அழைக்கப்படுகின்றனர். பகைவரோடும் பூசலிடாது விலகிச் செல்லுமாறு கேட்கப்படுகின்றது. இருபத்தெட்டு நாள் விழாவின் இவ்வறிவித்தலைப் பல்கலைக்கழக நிகழ்ச்சி அறிவித்தலின் முன்னோடி எனக் கொள்ளின் தவறாகாது. அறிவு வாதத்திற்கான பகிரங்க அழைப்பு அதிலேயே இடம்பெற்றுவிட்டது.

இதனை எடுத்துக்காட்டிப் பண்டைத் தமிழர் கருத்துச் சுதந்திரத்தைப் போற்றினர் எனப் பெருமிதங்கொள்வோர் பலர். காப்பியத்தை அவர்கள் இறுதிவரை வாசிப்பார்களாயின் அப்பெருமிதம் சற்றுத் தணியும். சமயக்கணக்கரின் கொள்கைகளைக் கேட்க விரும்பும் மணிமேகலை, வஞ்சி மாநகரில் தன் வடிவோடு செல்லவில்லை. தவமுனிவன் ஒருவனின் வடிவினை ஏற்றே செல்கின்றாள். இளம்பெண் எனக் கண்டால் அவர்கள் தம் பொருளை உரைக்கமாட்டார் என்பது முன்னரே தெய்வத்தால் உணர்த்தப்பட்டது. முதற் காதையில் வாதத்திற்கு விடுக்கப்பட்ட அழைப்பு, அதே காப்பியத்தின் பிற்பகுதியில் ஒரு பெண்ணுக்கு மாறுவேடத்தின் மூலமே பயன்படுகின்றது. ‘அனைவரும் வருக’ என்னும் தொடரின் வரலாறு முழுவதும் இம்முரண்பாடு ஊடுருவி நிற்கின்றது.

இன்னொன்றும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. முரசறைவோன் முதுகுடிப் பிறந்தவன் எனக் கூறப்படுகின்றான். அவனுக்குப் பெயர் இல்லை. அறிவிக்கும் குரல் அவனுடையது, அறிவிக்கும் அதிகாரம் அவனுடையதன்று. நிலமானிய அமைப்பிற் பறையறைதல் சாதிக் கடமையாக இறுகியபோது இப்பிளவு மேலும் ஆழமாயிற்று. 1960களில் வடபுலத்தில் எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களிற் சாவீட்டுப் பறையை அடிக்க மறுத்தல் ஒரு போராட்ட வடிவமாகியமை தற்செயலானதன்று. பிறருடைய அறிவித்தலைச் சுமக்க மறுத்தவர் தம்முடைய முதல் அறிவித்தலை அம்மறுப்பின் மூலமே வெளியிட்டனர்.

4

அச்சின் வருகை அறிவித்தலை முரசிலிருந்தும் குருதிவழிக் கடமையிலிருந்தும் விடுவித்தது. ஆறுமுக நாவலர் விக்கியாபனம் என்ற பெயரில் வெளியிட்ட அறிக்கைகள், அரச ஆணையின்றித் தனிமனிதர் ஒருவர் பொதுமக்களை நோக்கிப் பேசும் புதிய நிலையைக் காட்டுகின்றன. அது முற்போக்கானதொரு பாய்ச்சல். எனினும் அவ்வறிக்கைகள் விளித்த பொதுமக்கள் எழுத்தறிந்த, சைவாசாரம் பேணிய உயர்சாதியினரே. அச்சு, குரலை விடுவித்தது. செவிகளின் எல்லையை எழுத்தறிவு புதிதாக வரைந்தது.

வன்னியைப் பொறுத்தவரை அறிவித்தல் என்ற சொல்லுக்கு வேறொரு கசப்பான வரலாறும் உண்டு. போர்க்காலத்தில் அறிவித்தல் என்பது ஊரடங்கு, வெளியேற்றம், பதிவு ஆகியவற்றுக்கான கட்டளையாகவே மக்களை வந்தடைந்தது. 2009 சனவரியிற் பாதுகாப்பு வலயம் பற்றிய செய்தி விமானத்திலிருந்து வீசப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் வாயிலாகவும் அறிவிக்கப்பட்டது. அவ்வலயத்துள் திரண்ட மக்கள் எறிகணை வீச்சுக்கு உள்ளாகினர் என்பது 2011 இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு அறிக்கையிலும் பதிவாகியுள்ளது. அழைப்பை நம்பிச் சென்றமையாலேயே அழிவைக் கண்ட மக்களிடத்து, எந்த நிறுவனத்தின் அழைப்பும் இயல்பான நம்பிக்கையைப் பெறுதல் அரிது. இங்கு அறிவிப்போர் இவ்வரலாற்றை அறிந்தே பேசவேண்டும்.

5

இன்றைய பல்கலைக்கழக நிகழ்ச்சி அறிவித்தலின் வடிவத்தை இப்பின்னணியில் நோக்குவோம். முதலில், அதன் வினைமுற்று. ‘அழைக்கப்படுகின்றனர்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’, ‘அறியத்தரப்படுகின்றது’ என்ற செயப்பாட்டு வடிவங்களில் எழுவாய் மறைந்துவிடுகின்றது. அழைப்பவர் எவர் என்பது புலப்படாதபோது, ஏன் அழைக்கின்றீர்கள் என்று திருப்பிக் கேட்பதற்கும் ஆளில்லாமற் போகின்றது. இது காரியாலயக் கட்டளையின் இலக்கணம். காலனித்துவ நிருவாகத்தின் எச்சம்.

இரண்டாவது, அதன் எழுத்தளவு. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்ற படிநிலை எழுத்துகளின் பருமனிலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஆராயப்படவிருக்கும் பொருளோ பலவேளைகளிற் பட்டங்களின் கீழே நசுங்கிக் கிடக்கும். முதலாளித்துவச் சந்தையிற் பண்டத்தின் பயன்மதிப்பை விலைமதிப்பு மறைப்பது போல, இங்கு அறிவின் பயன்மதிப்பைப் பதவியின் மதிப்பு மறைக்கின்றது.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரல். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் என நீண்டு நன்றியுரையில் முடியும் நிரலிற் கலந்துரையாடலுக்கு இடம் இருப்பின் அது நேரமிருப்பின் என்ற நிபந்தனைக்குட்பட்டதாகும். வந்தோர் கேட்போராக மட்டுமே எதிர்பார்க்கப்படுகின்றனர். வானொலியைப் பற்றி 1932 இற் பிறெக்ற் எழுதியதனை இங்கு நினைவுகூரலாம். வழங்கும் கருவியாக மட்டும் உள்ள வானொலி, கேட்போரும் பேசத்தக்க தொடர்பாடற் கருவியாக மாற்றப்படல் வேண்டுமென்பது அவரது கோரிக்கை. இன்று அறிவித்தல் முகநூலிலும் வட்சப்பிலும் கணப்பொழுதிற் பரவுகின்றது. கருவி இருவழிப்பட்டதாயினும் அறிவித்தலின் வடிவம் ஒருவழிப்பட்டதாகவே உள்ளது.

நான்காவது, மொழியும் காலமும். ஆங்கிலவழிக் கல்வி நிலவும் துறைகளின் ஆய்வு மாநாடுகள் ஆங்கிலத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. குளங்களின் வண்டல் பற்றியும், நெல்லின் நோய் பற்றியும், சிறுவணிகக் கடன் பற்றியும் பேசப்படும் அரங்கின் செய்தி, குளத்தோடும் நெல்லோடும் கடனோடும் வாழ்பவரின் மொழியில் அவரைச் சென்றடைவதில்லை. நாளும் நேரமும் அவ்வாறே. பெரும்போக அறுவடை நிகழும் மாசி, பங்குனியில், வேலைநாளின் முற்பகலில் நடைபெறும் கூட்டத்துக்கு ‘பொதுமக்கள் அனைவரும்’ அழைக்கப்படும்போது, அப்பொதுமக்களுள் உழவர் இல்லை என்பது அறிவித்தலில் எழுதப்படாத வாக்கியமாகும். 1945 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் செலவை மறைமுக வரிகளின் வாயிலாகச் சுமந்துவருபவர்களுள் அவ்வுழவரும் ஒருவர்.

6

இதற்கு மாறான மரபு நம்மிடையே இல்லாமலில்லை. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல், பாக்குத்தெண்டல் என்னும் சடங்குடன் தொடங்குகின்றது. தெண்டல் என்பது தண்டல், அதாவது கேட்டுப் பெறுதல். அடுத்துத் தீர்த்தமெடுத்தல் நிகழ, அதன் பின்னரே பொங்கல். விழா வருகின்றது என்ற செய்தி இங்கு மக்களிடம் ஒன்றைக் கேட்கும் செயலோடு பிணைந்து வருகின்றது. சடங்கு வழிப்பட்ட சமூக அமைப்பின் ஏற்றத்தாழ்வுகளை மறைத்து இதனை இலட்சியப்படுத்துதல் நம் நோக்கமன்று. அறிவித்தலைப் பங்கேற்பின் தொடக்கமாகக் கொள்ளும் வடிவக்கூறு இதிலுண்டு என்பதே கருத்து.

பல்கலைக்கழக வரலாற்றிலும் சான்றுகள் உள. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியாரின் ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழக மேடையில் அறிவாக ஏற்கப்பட்டன. 1985 இற் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினரால் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டது. முன்னதில் கிராமம் வளாகத்துக்கு வந்தது. பின்னதில் வளாகம் கிராமத்துக்குச் சென்றது. இரண்டிலும் எவர் அறிவுடையோர், எவர் கேட்போர் என்ற எல்லைக்கோடு தளர்ந்தது. அவை இன்றும் பேசப்படுவதற்கு இதுவே முக்கிய காரணமெனலாம்.

7

அறிவித்தலின் சொற்களை மாத்திரம் திருத்துவதால் நிலைமை மாறிவிடும் என்று கருதுவது கருத்துமுதல்வாத மயக்கமே. பல்கலைக்கழகத்துக்கும் அதனைச் சூழவுள்ள உழைக்கும் மக்களுக்குமிடையிலான உறவு மாறாதவரை அழகிய தமிழில் எழுதப்படும் அழைப்பும் வெறும் அலங்காரமாகவே எஞ்சும். எனினும் வடிவம் உள்ளடக்கத்தின் மீது எதிர்த்தாக்கம் புரிவது என்பதனை மறத்தலாகாது. தமிழ்ச் சங்கங்கள் இத்துறையிற் செய்யக்கூடியன உள. மாநாட்டுப் பொருள் எவருடைய வாழ்வைப் பற்றியதோ அவருடைய மொழியில், அவர் கூடும் கமக்காரர் அமைப்பிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பாடசாலையிலும் அறிவித்தல் வைக்கப்படல் வேண்டும். ஆண்டுக்கொரு அரங்கேனும் பம்பைமடுவில் அன்றி நெடுங்கேணியில், அறுவடை முடிந்த பின்னர், இறுதிப் பேருந்து புறப்படுமுன் முடியுமாறு நடத்தப்படல் வேண்டும். குளத்தின் வரலாற்றைத் தன் உழைப்பால் அறிந்த முதியவரின் பெயர், பேராசிரியரின் பெயர் அச்சிடப்படும் அதே பருமனில், பேச்சாளர் நிரலில் அச்சிடப்படல் வேண்டும். கலந்துரையாடலுக்கான நேரம் நிரலின் நடுவிலே வரையறுக்கப்படல் வேண்டும்.

விழாவை மறந்தமையாற் புகார் கடல்கொள்ளப்பட்டது என்று மணிமேகலை கூறும். தெய்வச் சினத்தை நாம் நம்பவேண்டியதில்லை. தன்னைத் தாங்கும் மக்களை அழைக்க மறந்த நிறுவனத்துக்காக, அது தாக்கப்படும் நாளிற் குரல்கொடுக்க எவரும் வரமாட்டார் என்ற உலகியல் உண்மையை அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். இலவசக் கல்வியின் எதிர்காலம் மீண்டும் மீண்டும் வினாவுக்குள்ளாகும் இந்நாட்டில், அம்மக்களின் துணை பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படும். அவர்களை அழைக்கும் மொழியை அதற்கு முன்னரே கற்றுக்கொள்வது நம் கடமையாகும்.