ஈரம் இரண்டு வகை

புல்மோட்டைக்கு வருகிறவர்கள் அரிசிமலைக் கடற்கரையில் படம் எடுப்பார்கள். இல்மனைட் மணல் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று கேட்பார்கள். வீட்டுக் கோடியில் மாரிக்கென்று அடுக்கிவைத்த விறகை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர் இளசுகளும் அப்படித்தான். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்தபோது விறகைத் தேடினார்கள், 2022இல் காஸுக்கு வரிசையில் நின்று அலுத்தபோதும் தேடினார்கள். சிலிண்டர் வந்து சேர்ந்ததும் கோடாலி துருப்பிடித்தது. இப்போது விறகுக்கு இருக்கும் ஒரே மவுசு ‘விறகடுப்புப் பிரியாணி’ என்ற பலகைதான். என்ன மரம் எரிக்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்.

சரி, பாடத்துக்கு வருவோம். காட்டு மரத்தில் அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. வளவில் விழுந்த வேம்பும் வேலிக் கிளிசரியாவும் போதும். கட்டையை வெறும் மண்ணில் வைத்துக் கொத்தாதீர்கள், கீழே ஓர் அடிக்கட்டை வேண்டும். முகப்பில் ஏற்கெனவே ஓடும் வெடிப்பைப் பார்த்து அதே கோட்டில் போடுங்கள். கணுவோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாலையும் வீரையும் நின்று தணல் தரும். பாலையின் வைரம் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனம். தென்னம்மட்டை குபீரென்று எரிந்து அடங்கும். முருங்கையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அடிப்படை இவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விசயம். விறகில் இரண்டு ஈரம் உண்டு: மழை ஈரம், பச்சை ஈரம். இந்த வித்தியாசம் தெரியாதவருக்கு விறகு தெரியாது.

கார்த்திகை மழையில் நனைந்த விறகைக் கண்டதும் புதிதாக அடுப்பு மூட்டுகிறவர் ‘ஐயோ, ஈரம்’ என்று தள்ளிவைக்கிறார். பக்கத்தில் போன கிழமை வெட்டிய கட்டை, தொட்டால் சொரசொரவென்று காய்ந்ததுபோல இருக்கிறது. அதை எடுத்து அடுப்பில் வைக்கிறார். பிறகு வீடு முழுக்கப் புகை, கண்ணில் தண்ணீர், விறகடுப்பே வேண்டாம் என்ற தீர்ப்பு. பழி விறகின் மேல்!

நடந்தது என்ன? பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அது மரத்தின் நாருக்குள்ளேயே ஊறிக் கிடக்கும் நீர். முதலில் நாரின் குழாய்களில் நிற்கும் தண்ணீர் போகும், அது சுலபம். சுவர்களில் பிணைந்திருப்பது பிடிவாதக்காரத் தண்ணீர், கிளம்ப மாதங்கள் எடுக்கும். தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் சூட்டைவிட அதை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் சூடு வேண்டும். பச்சை விறகு தன் நெருப்பைத் தன் தண்ணீருக்கே செலவழிக்கிறது. சோற்றுப் பானைக்கு மிச்சம்தான் வரும். மழை ஈரம் அப்படியா? நன்றாகக் காய்ந்த கொத்து விறகு இரண்டு நாள் நனைந்தாலும் மேல்தோலோடு சரி. அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆளை ஏமாற்றுவது பார்வை. காதும் மூக்கும் ஏமாற்றாது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘ணங்’ என்னும், பச்சை ‘தொப்’ என்னும். பச்சைக்குப் புளித்த மணம் இருக்கும், அடுப்பில் வைத்தால் வால்பக்கம் நுரை தள்ளிச் சீறும். அந்தச் சீறலைக் கேட்டு ‘ஆஹா, கிராமத்துச் சத்தம்’ என்று வீடியோ போடுகிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அதனால்தான் கொத்தும் காலம் முக்கியம். வாடை தொடங்கிய பிறகு கோடாலி தூக்குவது வீண். மாரி ஓய்ந்த கையோடு கொத்திப் போட்டால் கச்சான் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த அனல் காற்றை எல்லோரும் திட்டுகிறார்கள். ஊரிலேயே அதை ஆவலோடு எதிர்பார்க்கும் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். கொத்துவதும் அடுப்புக்குள் அடங்கட்டும் என்பதற்காக மட்டுமில்லை. தண்ணீர் நாரின் போக்கில்தான் வேகமாக வெளியேறும், தோல் அதை அடைத்துக்கொண்டிருக்கும். முழு உருளையாய்க் கிடக்கும் கட்டை வருசம் போனாலும் நடுவில் பச்சையாகவே இருக்கும்.

அடுக்கும்போது கீழே கல் வையுங்கள், கறையானுக்கு வழி விடாதீர்கள். மேலே கிடுகோ தகரமோ போதும். தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றுகிறார்களே, அது விறகைக் காப்பதில்லை, புழுங்க வைக்கிறது. பக்கம் திறந்திருக்கட்டும், கொஞ்சம் சாரல் அடித்தால் அடிக்கட்டும். அது மழை ஈரம்தானே. எடுக்கும்போது மட்டும் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். தேளுக்கும் புடையனுக்கும் அந்த இடம் நம்மைவிடப் பிடிக்கும்.

நோர்வேக்காரர்களுக்கு இந்த ரசனை இருக்கிறது. 2013இல் அவர்களுடைய அரச தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் ஒளிபரப்பியது. எட்டு மணி நேரம் வெறும் நெருப்பு. பார்த்தவர்கள் கோபப்பட்டு முறைப்பாடும் செய்தார்கள். அடுக்கில் மரத்தோல் மேல்பக்கம் இருக்கிறதே என்று ஒரு சாரார், கீழ்பக்கம் இருக்கிறதே என்று மறு சாரார்! எங்களுக்கு அந்த வழக்கே இல்லை. பூச்சி தோலுக்கடியில்தான் முதலில் குடியேறும் என்பதால் நாங்கள் உரித்துவிட்டுத்தான் அடுக்குவோம்.