தூணின் அடியில் தெரியும் கை

பழைய பாய்மரப் படகு விலைக்கு வந்தால், பார்க்கப் போகிறவர்கள் முதலில் பாய்மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார்கள். என் கண் போவது டெக்கின் ஓரத்தில் நிற்கும் எஃகுத் தூண்களின் அடிக்குத்தான். அணியத்திலிருந்து பின்பக்கம்வரை அந்தத் தூண்களினூடே ஓடும் இரண்டு கம்பிகள்தான் லைஃப்லைன். படகு சாய்ந்து துள்ளும்போது டெக்கில் நிற்பவர் கடலுக்குள் உருளாமல் காப்பது அது. அதைப் புதுப்பித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்தப் படகு எப்படிப்பட்ட கைகளில் இருந்தது என்று விளங்கிவிடும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது கான்டெஸா 32 போன்ற படகை. டேவிட் சாட்லர் வடிவமைத்து, 1970களில் இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் பட்டறை கட்டிய படகு. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ‘அசென்ட்’ என்ற கான்டெஸா 32. அந்தத் தலைமுறைப் படகுகளின் ஃபைபர்கிளாஸ் உடல், பேணி வைத்திருந்தால் இன்னும் பல்லாண்டு உழைக்கும். லைஃப்லைனுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

பழைய படகுகள் பலவற்றில் வெள்ளை வினைல் உறை போட்ட கம்பிதான் இருக்கும். தொட்டால் வழுவழுப்பு, பார்க்கவும் சுத்தம். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய படலம் கட்டுகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். உறைக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து தேங்கி, ஆக்ஸிஜனும் எட்டாமல் போனால், சிதைந்த படலம் மறுபடி கட்டாது. அரிப்பு உள்ளுக்குள்ளேயே இழை இழையாகத் தின்னும். வெளியே தெரிவது உறை முடியும் இடத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டும். கடற்பந்தயங்களுக்கான உலகப் பாய்மர அமைப்பின் விதிகளும் எஃகு லைஃப்லைனுக்கு உறை கூடாது என்றே சொல்கின்றன. 19 இழைகள் முறுக்கிய 316 ரகக் கம்பியை வெறுமையாக இழுத்துக் கட்டியிருந்தால் எதையும் ஒளிக்க வழியில்லை. பழந்துணியால் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினால், அறுந்த இழை ஒன்று இருந்தாலும் துணியில் சிக்கும்.

கம்பியை மாற்றுவது ஒரு நாள் வேலை. தூணின் அடியைச் சரிசெய்வதில்தான் தேர்ந்த கை தெரியும். 600 மில்லிமீட்டர் உயரத் தூணின் உச்சியில் ஓர் ஆள் மோதினால், அந்தத் தூண் கடப்பாரையாகிவிடுகிறது. அடித்தட்டின் போல்ட்டுகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், மேலே விழுந்த விசை அங்கே எட்டு மடங்காக இறங்கும். அக்காலப் படகுகள் பலவற்றின் டெக்கில் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்ஸா மரம் வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியே தண்ணீர் கசிந்தால் அந்த மரம் உளுத்துப்போகும். நல்ல தொழிலாளி பழைய துளையைப் பெரிதாக்கி, நைந்த மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி ஊற்றி இறுக விட்டு, அதன் நடுவில் புதுத் துளை போடுவார். துளையின் வாயைச் சற்றே சரித்துச் செதுக்குவார். அந்தச் சரிவில் பியூட்டைல் பிசின் வளையமாக அடைந்து தண்ணீரை நிறுத்தும். டெக்கின் அடியில் அகலமான உலோகத் தட்டு வைத்து முடுக்குவார். இவ்வளவு உழைப்பில் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது நான்கு போல்ட் தலைகள் மட்டுமே. லாக்கரைத் திறந்து, டார்ச் அடித்து அந்தத் தட்டை ஒருமுறை பாருங்கள். மூலைகளை உருட்டி அராவியிருந்தால், அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

உயரமும் அழகும் மோதும் இடம் ஒன்று உண்டு. 8.5 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு 600 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது விதி. தூண்களின் இடைவெளி 2.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய சிறு படகுகளில் 450 மில்லிமீட்டர்த் தூண்கள் உண்டு. அந்தக் கம்பி முழங்காலில் தட்டி ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதால் அதை உயர்த்துவதையே நான் விரும்புவேன். ஆனால் 1898-இல் வில்லியம் ஃபைஃப் வடிவமைப்பில் உருவான ‘பென் டுயிக்’ போன்ற படகின் ஓரத்தில் தூண் நட எவருக்கும் மனம் வராது. அந்தப் படகிலிருந்துதான் 1998 ஜூனில் எரிக் தபார்லி இரவில் ஐரிஷ் கடலில் விழுந்து இறந்தார். உலகின் தலைசிறந்த மாலுமிகளில் ஒருவர் அவர். கான்டெஸா அவ்வளவு சங்கடப்படுத்துவதில்லை. டெக்கின் வளைவை ஒட்டியே தூண்களின் உச்சியும் இறங்கி ஏறும்படி நிறுத்திவிட்டால், கம்பியும் படகோடு பிறந்ததாகவே தோன்றும்.

இப்போது பலர் எஃகை விட்டு டைனீமா கயிற்றுக்குப் போகிறார்கள். கடைக்குப் போகாமல் டெக்கிலேயே உட்கார்ந்து ஸ்பிளைஸ் போட்டுக்கொள்ளலாம். கயிற்றின் நுனியை அதன் வயிற்றுக்குள்ளேயே செலுத்திப் புதைப்பது அந்த வேலை. விட்டத்தைப் போல 72 மடங்கு புதைப்பது வழக்கம். 5 மில்லிமீட்டர்க் கயிற்றுக்கு 360 மில்லிமீட்டர். உள்ளே போகும் நுனியின் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மெலிய வைத்தவரின் ஸ்பிளைஸில் விரலை ஓட்டினால், புதைப்பு எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. பார்க்கப் பார்க்கத் திகட்டாத வேலை. ஆனால் தூணின் துளையில் ஒரு பிசிறு இருந்தால் போதும், கயிறு தேய்ந்துவிடும். வெயிலும் அதைத் தின்னும். அதனால் என் தேர்வு உறையில்லாத எஃகுக் கம்பிதான். அதன் ஒரு முனையை மட்டும் திருகாணியில் மாட்டாமல், மெல்லிய கயிற்றைப் பல சுற்றுச் சுற்றிக் கட்டச் சொல்வேன். விதி அந்த இடைவெளிக்கு 100 மில்லிமீட்டர்வரை இடம் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டுக் கயிற்றை மாற்றவும் சொல்கிறது. நடுவில் 5 கிலோ எடையளவு அழுத்தினால் மேல் கம்பி 50 மில்லிமீட்டருக்கு மேல் வளையாதபடி அந்தக் கட்டை இறுக்க வேண்டும். யாராவது கடலில் விழுந்து, அவரை டெக்குக்குத் தூக்கக் கம்பியே குறுக்கே நின்றால், கத்தியால் கட்டை அறுத்துக் கம்பியைச் சாய்த்துவிடலாம்.